யோகன் பார்த்த வேலை

யோகன் இறந்துவிட்டார். நேற்றுக் காலை, கொழும்பில் தங்கியிருந்த ரூமில். ஹார்ட் அட்டாக். நாற்பத்தொரு வயது...

றொசல்லை தேயிலைத் தோட்டத்தில் அவருடைய லயத்து வீட்டு வாசலில், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளை மாலை அடக்கம்.

நாங்கள் இருவரும் எட்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். கொழும்பில் பெரிய வீட்டு நாய்களைக் காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப்போகிற வேலை.

ஆமாம், நானும்தான். என் ப்ரொஃபைலில் இருந்த "சூப்பர்வைசர்" பொய். இன்று அதை அழித்துவிட்டேன்.

யோகன் ஒரு நாளும் மறைத்ததில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால்கூட "நாயி நடத்துறேங்க" என்பார். அந்த ஆள் சிரித்தால் இவரும் கூடச் சிரிப்பார். நான் அந்த நேரம் பார்த்து போனை நோண்டிக்கொண்டிருப்பேன்.

அவர் பொறுப்பில் ஏழு நாய்கள். காலை ஆறு மணிக்கு பார்க் கேட்டில் எல்லாவற்றையும் வரிசையாக உட்கார வைத்துப் பெயர் கூப்பிடுவார். தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுப்பார்களே, அதே ராகம், அதே அதட்டல்.

ப்ரூனோ என்று ஒரு தடியன். டிரைவர் காரில் கொண்டுவந்து விடுவதற்குள் தினமும் லேட். "ப்ரூனோ, ஒனக்கு இன்னைக்கி அரப்பேருதான்" என்பார் யோகன். கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம் போடுவார்களே, அந்த அரைப்பேர். ஜாகிங் போகிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்...

நாய்களிடம் எப்போதும் தமிழ்தான். நம்ம தோட்டத்துத் தமிழ். புதிதாக ஒரு நாய் சேர்ந்து ஆறு மாதம் கழித்து அந்த வீட்டு நோனா, எஜமானியம்மா, யோகனுக்குப் போன் எடுத்தார். அவர் நாய் இங்கிலீஷில் சொன்னால் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். என்ன செய்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்கிறார்.

வேலை போச்சு என்றே நான் நினைத்தேன். யோகன் அசரவில்லை. நோனா, அஞ்சே அஞ்சு வார்த்தை, எழுதிக்கொள்ளுங்கள் என்று சிங்களத்திலேயே சொன்னார். உக்காரு, வா, நில்லு, படு, போதும்.

அடுத்த வாரம் அந்த அம்மா கேட்டில் நின்று "உக்காரு" என்றார். நாய் உட்கார்ந்தது. யோகனுடைய முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இன்று மத்தியானம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

யோகனின் தம்பி அஞ்சலி பேனருக்கு டிசைன் செய்து போனில் காட்டினான். படம், பெயர், அதற்குக் கீழே "தனியார் நிறுவன உத்தியோகத்தர்".

"நீங்க கூட வேல செஞ்சவரு, சரியான்னு பாருங்கண்ணே."

யோகனின் மனைவி பரமேஸ் எட்டிப் பார்த்தார். அழுது அழுது குரலே இல்லை. "அவரு அப்புடி சொல்லிக்க மாட்டாரே தம்பி..."

"அதுக்காக நாயி நடத்துனாருன்னா போடச் சொல்றீங்க அண்ணி? நாளைக்கி எத்தன பேரு வருவாங்க."

பிறகு என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் மாமனாரும் இருந்தார். அவர் இதே தோட்டத்தில் பக்கத்து டிவிஷன். மகளை ஆபீஸ் மாப்பிள்ளைக்குக் கொடுத்திருப்பதாக ஏழு வருடமாகச் சொல்லி வருகிற மனிதர்.

"சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கும் வசதி. ஆனால் உள்ளே யோகன் படுத்திருக்கிறார்... வாய் வரவில்லை.

"தம்பி, ஒருநாளு கொழும்புல பட்டாசு வெடி போட்டாங்க," என்றேன். "நாயி ஒன்னு சங்கிலிய அத்துக்கிட்டு மெயின் ரோட்டுப் பக்கம் ஓடிருச்சு. நான் பின்னாலயே தொரத்துறேன், தொரத்த தொரத்த அது இன்னும் ஓடுது. ஒங்க அண்ணன் அது பேரச் சொல்லிக் கூப்ட்டுக்கிட்டே எதிர்ப்பக்கமா ஓடுனாரு. அது நின்னு பாத்துச்சு. திரும்பி அவரு பின்னால ஓடியாந்துருச்சு. பஸ்ஸு போற ரோட்டுக்குப் பத்தடிதான் மிச்சம். அந்த நேரத்துல அந்த புத்தி எத்தன பேருக்கு வரும்? நாயி நடத்துனவருன்னே போடு. நானும் அந்த வேலதான் செய்றேன்."

மாமா மெதுவாகக் கேட்டார். "சூப்பர்வைசருன்னீங்களே மாப்ள."

"இல்லீங்க மாமா. நாயிதான்."

பிளேன்டீ கொண்டுவந்த ஒரு அக்கா தட்டோடு நின்று, "கடிக்காதுங்களா?" என்று கேட்டார்.

"என்னைய ரெண்டு தடவ கடிச்சிருக்குக்கா."

"அவர நாலு தடவ," என்றார் பரமேஸ். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்தபடியே மறுபடி அழுதார்.

மாமா எழுந்து போய்விட்டார். இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவார், பேசாமலும் போகலாம்.

தம்பி கடைசியாக "பயிற்சியாளர்னு போடவா?" என்று கேட்டுப் பார்த்தான். பரமேஸ் விடவில்லை. "அவரு வாயால சொன்ன மாதிரியே போடு."

பேனர் இப்போது ஹட்டனில் பிரிண்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை ஸ்டேஷனிலிருந்து ஏறி வருகிற பாதையில் கட்டுவார்கள். நான்தான் ஒரு பக்கக் கயிற்றைக் கட்டப் போகிறேன்.

நாய் நடத்துனர் யோகன்... உங்கள்கூட வேலை பார்த்தவன் என்பதில் எனக்குப் பெருமை.

போய் வாருங்கள்.