மேசைக்கு அடியில பறந்தவ

நூத்திப் பன்னெண்டு. இதை ஓர்மையில வச்சுக்கிடணும். குளத்தூர்ல ஜீனா இத்தனை தடவை விமானத்துல பறந்தா. ஒரு தடவை கூட வானத்தைப் பாத்ததில்லை.

ஆறு நாளு அண்டியாபீஸ்ல தரையில இருந்து முந்திரிக்கொட்டை தல்லி உடைப்பா. ஏழாம் நாளு கோயிலுக்குப் போயிட்டு வந்து, சோறு பொங்கி, பாத்திரம் கழுவிட்டு, ரெண்டு மணிக்கு மேசைக்கு அடியில நுழைவா. மேசைக்கு மேல அவளுக்க மாப்பிள்ளை ஜாய் கம்ப்யூட்டர்ல சண்டை விமானம் ஓட்டுவான். பழைய உலகப்போர் விமானம், விளையாட்டும் பழசுதான். அம்பூரில ராஜப்பன், காரோட்டுல பொன்னையன், இஞ்ச ஜாய். இன்டர்நெட்ல மூணு பேரும் ஒரே அணி. காதுல ஹெட்போன் மாட்டிட்டு, ஒருத்தனுக்க முதுகை ஒருத்தன் காப்பான்.

அந்த விமானம் ஓடுபாதையில ஓடும்போ மூக்கை இடது பக்கம் இழுக்கும். வலது பெடலை மிதிச்சு நேராக்கணும். ஜாய்க்கு மிதிக்கக் காலில்லை. லாரி ஏறி ரெண்டும் முட்டுக்குக் கீழ போச்சு. அதனால மேசைக்கு அடியில இருக்கிய பெடலை ஜீனா கையால அமுக்கணும். அவனுக்கு முதுகைக் காட்டி இருப்பா. வலது மொட்டைக்காலால அவளுக்க வலது தோள்ல இடிச்சா வலது பெடல். இடது தோள்ல இடிச்சா இடது. வாயால சொன்னா மைக்குல கேட்டுரும். கையால இழுக்கிய லிவர் வச்சிருக்கேன்னு அணிக்காரங்கிட்ட அடிச்சு விட்டிருக்கான். அந்த லிவருக்கு வயசு நாப்பத்தி மூணு.

அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அந்த விளையாட்டுல ரெண்டு பேரு இருக்கிய விமானமும் உண்டு. முன்னால ஒருத்தன் ஓட்டுவான்; இன்னொருத்தன் வேற கம்ப்யூட்டர்ல இருந்துட்டு பின் சீட்டுல துப்பாக்கி பிடிப்பான். மக ஜின்சி நர்சிங் படிக்கப் போனப்ப விட்டுட்டுப் போன லாப்டாப் வீட்டுல சும்மா கிடக்கு. "நூறு ஆவட்டு, உன்னைப் பின்னால இருத்துறேன்"னு ஜாய் வாக்குக் குடுத்தான். நூறு ஆச்சு. அதுக்கு மேல பன்னெண்டும் ஆச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு சீட்டு விமானத்தை எடுத்தான். ஜீனா லாப்டாப்பைத் துடைச்சுக் கொண்டு வந்தா.

"இது எதுக்கு பிள்ளே?"

"துப்பாக்கி பிடிக்கத்தான். ஏறுறது வரைக்கும் அடியில இருக்கேன். மேல போனா பெடலு அவ்வளவு வேண்டாமில்லா? பத்து நிமிசம் துப்பாக்கியில இருந்துட்டு, இறங்கும்போ அடியில வாறேன்."

"பின்னால பொன்னையனாக்கும் கேறுறது. சொல்லியாச்சு."

"எனக்கில்லா வாக்குக் குடுத்தீங்க?"

"நீ பாதியில கேறினா, அதுவரை அவ எங்கலேன்னு கேப்பானுவ. என்ன சொல்ல? பெண்டாட்டியை இடிச்சு இடிச்சுப் பறக்கியேன்னா?"

"அப்படித்தானே பறக்கீங்க."

"எடி, குனி. நேரமாச்சு."

குனிஞ்சா. ஜாய் ஹெட்போனை மாட்டினான்; பொன்னையனுக்க சத்தம் அதுக்கு வெளிய கேட்டுது. "மக்கா ஜாயே, பின்னால நல்ல சொகமாக்கும்! சாயா கீயா உண்டா?"

"பொத்திட்டு இருலே!" ஜாய் சிரிச்சான். அவன் சிரிச்ச குலுக்கம் அவளுக்க கழுத்துல தட்டிச்சு.

எஞ்சின் இரைஞ்சுது. வலது தோள்ல இடி. ஜீனா ரெண்டு கையையும் பெடல்ல இருந்து எடுத்து மடியில வச்சா. பின்னயும் இடி. பின்னயும்.

"எலே, எங்கலே போற? லாரி! எண்ணெ லாரிலே!"ன்னு பொன்னையன் கத்தினான். விமானம் இடது பக்கம் இழுத்துட்டுப் போயி, ஓரத்துல நின்ன லாரியில ஏறி வெடிச்சுது.

அந்த அணியில ஒரு சட்டம் உண்டு: செத்தா செத்ததுதான். அதுவரை பறந்த கணக்கெல்லாம் அழிஞ்சு போவும். தலைவன் ராஜப்பன் சொன்னான்: "ஜாயே, உனக்க லிவரு கழண்டு போச்சோ? தரையில ஓட்டத் தெரியாதவனைக் கூட வச்சுட்டு நாங்க சாவணுமா? தனியா பழகிட்டு வா. நேரா ஏறினா சேக்கலாம்." பொன்னையன் சிரிச்சான்.

ஜாய் ஹெட்போனைக் கழட்டினான். ஜீனாவை அடிக்கல்ல. ஏசல்ல. குனிஞ்சு பாக்கவும் இல்லை. அவ வெளிய வரத் தலையை நீட்டினா; மொட்டைக்கால் நெத்தியில முட்டி நின்னுது.

"உள்ள போ."

ஓடுபாதையில ஒத்தை விமானம். ஜீனா பெடலை அமுக்குவா, விமானம் ஏறும், ஜாய் அதை அழிப்பான், பின்னயும் முதல்ல இருந்து ஏறும். இப்ப மைக் இல்லை, கேக்கதுக்கு ஆளும் இல்லை; இடது வலதுன்னு வாயாலயே சொல்லியிருக்கலாம். சொல்லல்ல. வெளிச்சம் மங்கினது வரைக்கும் தோள்ல விழுந்த இடியை ஜீனா எண்ணினா.

இருநூத்தி ஆறு.