அரைமாதத் தையல்காரன்

இரண்டு திருகாணியைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றி, தையல் மிஷினின் தலையை மட்டும் தூக்கிப் பழைய கம்பளிப் போர்வையில் சுற்றுகிறான் என் தம்பி. மேல் பக்கம் கொஞ்சம் காற்று போக இடம் விடுகிறான். இரும்புக்கு எதற்கடா காற்று என்றால், "பாக்கிறவங்களுக்கு அக்கா" என்கிறான். துறைமுகம் போகிற பஸ்ஸில் ஏறியதும் அந்த மூட்டையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொடுப்பான். யாராவது ஒரு பெண் மனம் இளகி எழுந்து இடம் கொடுப்பாள். தூங்குதா என்று கேட்டால், "இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்று குரலைத் தாழ்த்துவான். வயது அறுபதைத் தாண்டியாயிற்று, கூச்சம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

மாதத்தில் பாதி பட்டணம், பாதி தீவு. பட்டணத்தில் எங்கள் கட்டடத்து மாடிப்படிக்கு அடியில் கடை. நான் மேலே மூன்றாம் மாடி. தீவில் அவன் பெண்டாட்டியின் வீட்டு முன்னறை, அவள் அப்பா விட்டுப்போனது. இரண்டு இடத்திலும் மிஷின் ஸ்டாண்டு உண்டு. தலை ஒன்றுதான். இன்னொன்று வாங்கினால் தோளாவது மிஞ்சுமே என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "தலை ரெண்டு ஆயிட்டா நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாதுக்கா" என்பான். கடைத்தெருவில் அவனுக்கு அரைமாசம் என்று பெயர். தீவில் பட்டணத்தார். எந்த ஊரும் தன்னை உள்ளூர்க்காரனாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதில் அவனுக்கு ஏக பெருமை.

அவன் பெண்டாட்டிக்குப் பட்டணத்துப் புகையில் மூச்சு முட்டும். இவனுக்குக் கூட்டம் இல்லாத இடத்தில் மூச்சு முட்டும். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் மூச்சைச் சாக்காக வைத்துத்தான் குடித்தனம் நடத்துகிறார்கள்.

பட்டணத்தில் அவனைப் பார்த்தால் காலடியில் தீப்பிடித்த மாதிரி நடப்பான். லிப்டு வருவதற்குள் பொத்தானைப் பத்துத் தடவை குத்துவான். படகிலிருந்து தீவில் இறங்கினானோ இல்லையோ, எலும்பை யாரோ உருவிவிட்டது போல ஆகிவிடுவான். குளிர்காலத்திலும் ஸ்வெட்டர் கேட்காத ஊர் அது. மழைகூட வெதுவெதுப்பாகத்தான் பெய்யும். வீட்டுக்குப் பின்னால் ஆரஞ்சு மரங்கள், கொடியில் எந்நாளும் காயாத துணி.

தையலும் அப்படித்தான். பட்டணத்தில் வருகிறவர்கள் எல்லாரும் இடுப்பைப் பிடிக்கச் சொல்வார்கள், தீவில் எல்லாரும் விடச் சொல்வார்கள். துணி ஒருமுறை துவைத்தால் சுருங்கும், உடம்பு ஒருமுறை உட்கார்ந்தால் பெருகும் என்பது அவன் கண்டுபிடிப்பு. அதனால் தீவுத் துணியில் உள்ளே இரண்டு விரல் கூடுதலாக விட்டுத் தைப்பான். இன்னொரு அடையாளமும் உண்டு. பட்டணத்துக் கடையின் தரை சரிவு. ஸ்டாண்டின் காலுக்கு அட்டையை மடித்து வைத்தும் மிஷின் ஒரு பக்கம் சாயும். அதற்கு ஈடுகொடுத்து உட்கார்ந்து உட்கார்ந்து, தையல் முடிகிற இடத்தில் இடப்பக்கம் துளி வளைந்துவிடும். சமதரையில் தைத்தாலும் வளையும். கோணல் இப்போது தரையில் இல்லை, இவன் முதுகுக்குக் குடிவந்துவிட்டது. இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான். அதற்காக நான் சொல்லாமல் இருந்ததும் இல்லை.

இந்தத் தடவை பள்ளிக்கூடச் சீருடை வேலை அவனைப் பட்டணத்தில் கட்டிப்போட்டுவிட்டது. போக வேண்டிய மாதம் போகவில்லை, அதற்கடுத்த மாதமும் போகவில்லை. கடைசியில் கிளம்பியபோது என்னையும் வா என்றான். தனியாகப் போனால் திட்டு மொத்தமும் அவனுக்கே விழும், நான் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் என் மேலும் தெறிக்கும் என்கிற கணக்கு.

தீவில் இறங்கியதும், படகுத்துறையில் டிக்கெட் சரிபார்க்கிறவர் வணக்கம் சொன்னார். என் தம்பி மூட்டையை என் கையில் தள்ளிவிட்டு, அந்த மனுஷனின் காலடியில் குந்தி உட்கார்ந்து, கால்சட்டையின் கீழ்மடிப்பைப் புரட்டிப் பார்த்தான். புதுத் தையல். இவன் தைத்தது இல்லை. யார் தைத்தது என்று கேட்டான். "தச்சாங்க" என்றார் அவர், கயிறு கட்டுகிறவனைப் பார்த்துக்கொண்டே. வீடு போகும் வழியில் ரொட்டிக் கடைக்காரரின் சட்டைக் காலரையும் பிடித்துப் பார்த்தான். அவரும் சிரித்தாரே தவிர ஆளைச் சொல்லவில்லை. உள்ளே இரண்டு விரல் துணி. முடிகிற இடத்தில் இடப்பக்கம் துளி வளைவு.

"அக்கா, என் கோணலைக்கூடத் திருடிட்டான்" என்றான் என்னிடம். கோணல் என்று அவன் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.

வீட்டில் தம்பி பெண்டாட்டி திட்டவே இல்லை. படகு சௌகரியமாக இருந்ததா என்று கேட்டாள். அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். இவன் மிஷின் தலையை ஸ்டாண்டில் பூட்டி மிதித்தான். மிதி வழுக்கிக்கொண்டு போனது. ஆளில்லாமல் கிடந்த ஸ்டாண்டுக்கு யார் எண்ணெய் போட்டது? திருடன் தையலோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறான் என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. தொழில் போனதில்தான் முதலில் முகம் சிவந்தான், பெண்டாட்டி ஞாபகம் இரண்டாவதாக வந்தது. ஆண்பிள்ளை.

என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப்போய்ச் சொன்னான். "இந்த மூட்டையத் தூக்கிட்டு வந்தாத்தான் நான் இந்த வீட்டு ஆளு. அதுக்கு இன்னொருத்தன் வந்துட்டா, மாமனார் வீட்டுக்கு வந்த விருந்தாளிதானக்கா நான்."

கேலி செய்ய வாயெடுத்தேன், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மத்தியானம் தம்பி பெண்டாட்டி ஆரஞ்சு உரித்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகள். நகத்துக்குள் துணியில் கோடு போடுகிற நீலச் சாக்கட்டி. நான் விரலைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். பெரிய சுளையாக எடுத்து என் வாயில் வைத்து, "மென்னுக்கிட்டே இருங்க அண்ணி" என்றாள். மென்றுகொண்டே இருந்தேன். நல்ல பழம்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு பாவாடையோடு வாசலில் நின்றாள். வீட்டு அக்கா இல்லையா என்று கேட்டாள். மிஷினில் உட்கார்ந்திருந்த என் தம்பி கையை நீட்டினான், என்ன வேலை என்று கேட்டான். அவள் பாவாடையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இல்லண்ணே, அக்காகிட்டயே குடுத்துக்கிறேன். என் அளவு அவங்களுக்குத்தான் தெரியும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. கூடையோடு கொல்லையிலிருந்து வந்த தம்பி பெண்டாட்டி, இனி ஒளித்துப் பயனில்லை என்று உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு மிஷின் தலையை இழுத்துக்கொண்டு வந்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டுப் பிள்ளைகளோடு போன பக்கத்து வீட்டுக்காரி விட்டுப்போனது. இவன் ஊருக்குப் போனதும் அதை ஸ்டாண்டில் பூட்டுவாள், படகு வரும் நாள் கழற்றிவிடுவாள். இவன் தைத்த துணிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, பிரித்த தடத்திலேயே திரும்பத் தைத்துப் பழகியிருக்கிறாள். கோணலும் பாடத்தோடு சேர்ந்தது என்றே நினைத்திருக்கிறாள்.

"நீங்க வர்ற வரைக்கும் ஊரு அம்மணமா நிக்குமா?" என்றாள்.

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வாசற்படிக்குத் திரும்பிக்கொண்டாள். என் தம்பி சிரிக்கவில்லை.

"அப்ப நான் எதுக்கு வரணும்?"

"இத்தனை வருசமா தைக்கத்தான் வந்தீங்களா?"

அவன் நர்ஸின் கையிலிருந்து பாவாடையை வாங்கி விளிம்பைப் புரட்டிப் பார்த்தான். திருகாணியைத் தளர்த்தித் தன் மிஷின் தலையைக் கழற்றித் தரையில் வைத்தான். அவளுடையதைத் தூக்கிப் பூட்டினான். ஆட்டிப் பார்த்து இன்னும் ஒரு சுற்று இறுக்கினான்.

"யாரு கேட்டாலும் கோணல் என்னுதுன்னு சொல்லிடு" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். நூலை ஊசிக்கண்ணில் நுழைக்கப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக் கழுத்தைப் பின்னுக்கு இழுத்தாள். நூல் பக்கத்தில் போயிற்று. மறுபடியும் போயிற்று. அவன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, விரலிலிருந்து நூலை வாங்கி, நுனியைப் பல்லால் கடித்து, நாக்கில் நனைத்து, ஒரே குத்தில் கோத்து, ஒரு சாண் இழுத்துவிட்டான்.