எதிர்த்தரப்பின் பிரதிநிதி

கொழும்பில் நான் இராஜதந்திரமும் சர்வதேச உறவுகளும் முதுமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் கணவர், என் அத்தானின் படகு காணாமற்போனது. கிழக்குக் கரையில் எங்கள் ஊரான கல்குடாவிலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகு. எஞ்சின் பழுதாகி, நீரோட்டம் இழுத்துக்கொண்டுபோய் வேறொரு நாட்டின் கடலில் விட்டுவிட்டது. எல்லாரையும் பிடித்துச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா எனக்குத்தான் அழைத்தாள்.

"நாட்டோட நாடு கதைக்கிற படிப்புத்தானேகா நீ படிக்கிறது?"

"ஓமக்கா. இன்னும் படிச்சு முடியல்ல."

"படிச்சமட்டும் காணும். கதை."

கதைத்தேன். வெளிநாட்டு அமைச்சில் தொலைபேசி எடுத்தவர் ஒவ்வொரு முறையும் மரியாதையாக, தூதரகத்துக்கு அறிவித்திருப்பதாகச் சொன்னார். எங்கள் விரிவுரையாளர் ஓய்வுபெற்ற தூதுவர். அவரிடமும் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "பெரிய பேச்சுவார்த்தைகளில் மீனவர் விஷயம் கடைசியாகத்தான் வரும்" என்றார்.

அந்த மாதமே வகுப்பில் மாதிரிப் பேச்சுவார்த்தை வந்தது. தலைப்பு, எல்லை தாண்டிய மீனவர்கள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது மீனவரைப் பிடித்துவைத்திருக்கும் நாட்டின் தரப்பு. மாற்றித் தரக் கேட்டேன். "உமக்குப் பிடித்த நாட்டுக்காக மட்டும் பேசுவதற்கு இந்தத் தொழில் எதற்கு?" என்றார் விரிவுரையாளர்.

அந்த நாட்டுச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். பேச்சுவார்த்தையன்று எங்கள் நாட்டுக்காகப் பேசிய மாணவன், எஞ்சின் பழுதானதால்தான் படகு எல்லை தாண்டியது என்றான்.

"பழுதானதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டேன்.

அவன் குறிப்புத்தாள்களைப் புரட்டினான். வகுப்பு கைதட்டியது. எனக்குத்தான் அதிக புள்ளி. வெளியே வந்து கழிவறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். அத்தானைப் பிடித்துவைத்திருக்கும் நாட்டிலும் என்னைப்போல் படித்த ஒருத்தி இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

பிறகு அந்த நாட்டின் ஏதோ ஒரு பண்டிகையை முன்னிட்டு, படகில் கூலிக்குப் போனவர்களை விடுதலை செய்தார்கள். படகைச் செலுத்தியவர் என்பதால் அத்தானுக்கு மட்டும் தண்டனை. அதில் யாருடைய பேச்சுக்கும் பங்கில்லை. என்னுடையதற்கு நிச்சயமாக இல்லை.

பட்டமளிப்பு முடிந்து கல்குடாவுக்குப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். சோறு போட்டுத் தந்தாள். நான் சாப்பிட்டு முடிந்த மறுகா கேட்டாள்.

"அங்க அவருக்குச் சோறு குடுப்பாங்களாகா?"

எனக்குத் தெரியாது.

"குடுப்பாங்கக்கா" என்றேன்.