பஸ் நிலையத்தில் இரண்டு ஒற்றர்கள்

போன வருடம் மார்கழி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பதுளை பஸ் நிலையத்தில் நடந்தது இது. அன்று அங்கே பஸ்ஸுக்கு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், "அட, அந்தப் பொம்பளையா நீ?" என்று கேட்பார்கள். ஆமாம், நானேதான்.

நான் விற்கப் போனது அப்பாவின் சவுண்ட் செட். ஒரு அம்ப்ளிஃபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக், பந்து பந்தாகச் சுற்றிய வயர். அப்பா ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர். பெக்டரி வேலை வயிற்றுக்கு, இந்தச் செட் மனதுக்கு. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எதுவானாலும் அப்பாவின் குழாய் சவுக்கு மரத்தில் ஏறினால்தான் களை கட்டும். கரண்ட் இல்லாத லயத்து வரிசை வீடுகளுக்கு லொறி பெட்டரியைத் தலையில் சுமந்து போவார். விடிகாலைப் பனி கலையும் முன்பே முதல் பாட்டைப் போடுவார். எதிர்மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள், பாட்டு வரும் திசையை வைத்தே இன்றைக்கு யார் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிடுவார்கள். "பந்தி போட்டாச்சு, மேல் லயத்து ஆளுங்க வாங்க, கைப்புள்ளக்காரங்க மொதல்ல உக்காருங்க" என்று அப்பா மைக்கில் கூப்பிடும்போது, அது என் அப்பா குரல் என்று எனக்கு அப்படி ஒரு கர்வம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஈரத் தேயிலை வாசம் அடிக்கிற மாதிரி இருக்கும்.

பெக்டரி இரைச்சலும் குழாய்ச் சத்தமும் சேர்ந்து அப்பாவின் காதை மெல்ல மெல்லத் தின்றுவிட்டன. அம்மா போன பிறகு அவரை என்னோடு பதுளைக்குக் கூட்டி வந்துவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் எனக்கு வேலை. வாடகை வீட்டில் செட்டை வைக்க இடமில்லை. கட்டிலுக்கு அடியில் ஈரம் குடித்துக்கொண்டு கிடந்தது. பழைய இரும்பு எடுப்பவன் வந்து தராசைத் தூக்கியதும் அப்பாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"கிலோ கணக்குல போடவா அத வாங்குனேன்? வாங்குறவன் அத பாட வைக்கணும். அப்புடி ஆளு இருந்தா குடு, இல்லாட்டி அப்புடியே கெடக்கட்டும்!"

அப்பாவுக்குக் காது கேட்காததால் அவர் பேசுவது எல்லாமே கத்தல்தான். இது பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

சரி என்று செட்டைத் துடைத்து, நாலு பக்கமும் படம் எடுத்து, பழைய சாமான் விற்கும் இணையப் பக்கம் ஒன்றில் போட்டேன். அன்று தொடங்கியது தலைவலி. ஒருவர் நான் சொன்ன விலைக்கு மேலேயே தருகிறேன் என்றார். சாமானை எடுக்க ஆள் அனுப்புவாராம், அதற்கு என் பேங்க் கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். நல்ல வேளை, கடைக்கு வருகிறவர்கள் சொன்ன கதைகளால் உஷாராகிவிட்டேன். இன்னொருவர் பணம் போட்டுவிட்டதாக ஒரு சிட்டையைப் படமாக அனுப்பி, உடனே பஸ்ஸில் ஏற்றி விடுங்கள் என்று அவசரப்படுத்தினார். வயரைச் சுற்றி, பெட்டியில் வைத்துக் கட்டியும்விட்டேன். கடைசி நிமிடத்தில் பேங்கில் கேட்டால், ஒரு சதம் வரவில்லை. காசு போனால் போகட்டும். ஏமாற்றுக்காரன் கையில் செட்டைக் கொடுத்துவிட்டு அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாது என்பார்கள். நான் பூனையை விட மோசமாகிவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் பசறைப் பக்கம் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி மெசேஜ் போட்டார். விலையே பேசவில்லை. அதுவே எனக்குச் சந்தேகம். பேரம் பேசாமல் பழைய சாமான் வாங்குகிற மனிதன் இந்த ஊவா மாகாணத்தில் எங்கே இருக்கிறான்? அடுத்து அவர் கேட்டது, "அக்கா, நீங்க எந்த தோட்டம்?" என்று.

நம் ஆட்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் முதலில் கேட்பது அதுதான். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் வீடு. மூன்றாவது கேள்வியில் எப்படியும் ஒரு சொந்தம் கிளம்பிவிடும். ஆனால் சொந்த விபரம் கேட்கிறவர்களை நம்பாதே என்றுதானே எல்லா எச்சரிக்கையும் சொல்கிறது? "அது எதுக்கு உங்களுக்கு? சாமான் வேணும்னா காசோட பதுளைக்கு வாங்க" என்று வெட்டினாற்போல் பதில் போட்டேன்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. செட்டைப் போட்டு, இன்றைய கிழமையைச் சொல்லி, வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். என் குரலைத் திருடி ஏதோ செய்யப் போகிறான் என்று நான் மறுத்தேன். "அப்ப சாமான் உங்ககிட்ட இருக்குன்னு நான் எப்புடிங்க நம்புறது?" என்றார். அதற்கும் எனக்கு ஒரு சந்தேகம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கடைசியில் ஞாயிறு காலை, பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் சந்திப்பதாக முடிவானது.

முதல் நாள் மாலையே ஒரு திட்டம் போட்டேன். செட்டைக் கையோடு கொண்டு போவதில்லை. நான் வேலை செய்யும் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, காசைக் கண்ணால் கண்ட பிறகே திறப்பது. அப்பா தேநீர்க் கடையில் இன்னொரு மேசையில், என்னைத் தெரியாத ஆள் போல உட்கார்ந்திருக்க வேண்டும். நான் குடையை விரித்தால் ஆபத்து என்று அர்த்தம், உடனே ஆட்களைக் கூப்பிட வேண்டும். இதையெல்லாம் அப்பாவின் காதில் சொல்லிப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்பாவுக்கோ ஏக உற்சாகம். காலையில் சவரம் செய்து, திருவிழாவுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

அந்தத் தம்பி ஆட்டோவில் வந்து இறங்கினார். தனியாகத்தான் வந்திருந்தார். கைகள் இரண்டும் வெறுமை, சட்டைப் பையும் தட்டை. அவர் என் கையைப் பார்த்தார். என் கையில் குடை மட்டும்.

"சாமான் எங்கங்க?"

"மொதல்ல காசக் காட்டுங்க தம்பி."

"சாமானப் பாக்காம எப்புடிங்க காட்டுறது?"

அடையாள அட்டையைக் கேட்டேன். அவரும் என்னுடையதைக் கேட்டார். இரண்டு பேரும் ஒருவர் அட்டையை ஒருவர் வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். அட்டைப் படத்தில் யார்தான் யாரைப் போல இருக்கிறார்கள்? இரண்டு பேருக்கும் சந்தேகம் கூடியதுதான் மிச்சம். நான் மெல்லக் குடையின் பிடியில் விரலை வைத்தேன்.

அப்போதுதான் பின் மேசையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. பஸ்களின் இரைச்சலையும் தாண்டி, மைக் இல்லாமலே.

"நீ எந்த தோட்டம் பாப்பா?"

அப்பாவின் மேசைக்கு எதிரில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் நம் ஆள்தான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? அவள் ஏதோ முணுமுணுத்தாள். அப்பா காதுக்குப் பின்னால் கையை வைத்து, "என்னா? சத்தமா சொல்லு!" என்றார். அவளும் கத்தினாள்.

"கட்டிக்கிட்டது பசறைங்க ஐயா! பொறந்தது ஸ்பிரிங்வெளி, கீழ் டிவிசன்!"

"அட, நம்ம கீழ் டிவிசனா! யாரு வீட்டுப் புள்ள?"

அவள் தகப்பன் பெயரைச் சொன்னதும் அப்பா மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தேநீர் சிந்தியது. "ஒன் சடங்குக்கு கொழா கட்டுனது நாந்தான் புள்ள! மழையில நனைஞ்சிக்கிட்டு மரத்துல ஏறுனேன்! ஒங்க அப்பன்தான் கீழ நின்னு வயரப் புடிச்சான்!"

"அய்யோ, பெரியப்பா! நீங்களா அது?"

எனக்கு முன்னால் நின்ற தம்பியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. அதற்குள் அப்பா எங்கள் திட்டத்தைப் போட்டு உடைத்தார், முழுப் பஸ் நிலையத்துக்கும் சேர்த்து.

"இங்க என்னா பண்ற நீ? நானா? அந்தா நிக்குதே, அது என் மக! செட்ட ஏமாத்தி வாங்க ஒரு களவாணிப் பய வாறானாம், புடிக்கிறதுக்கு ஒக்காந்திருக்கேன்! யாருகிட்டயும் சொல்லிறாத!"

அந்தப் பெண்ணும் அதே சத்தத்தில் கத்தினாள். "பெரியப்பா, அந்தக் களவாணி என் வீட்டுக்காரருங்க! காசு எங்கிட்ட இருக்கு! நாங்க உங்க மகளத்தான் களவாணின்னு நெனச்சோம்!"

தேநீர்க் கடைக்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பஸ் வாசலில் தொங்கிய கண்டக்டர் சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்தத் தம்பிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவர் அட்டையை ஒருவர் அவசரமாகத் திருப்பிக் கொடுத்தோம்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. செட்டு அவர்களுடைய லயத்துக் கோயிலுக்கு. மார்கழி பஜனைக்கு வாடகைக்கு எடுத்துக் கட்டுப்படியாகாமல், லயத்து ஆட்கள் எல்லாரும் கைக்காசில் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்து முன்பு ஒரு முறை இணையத்தில் பார்த்த ஒருவனுக்கு முற்பணம் அனுப்ப, அவன் போனை அடைத்துவிட்டான். மறுபடியும் ஒரு தரம் லயத்தாரிடம் கேட்டுச் சேர்த்த பணம் இது. "இதுவும் போச்சுன்னா லயத்துல தல காட்ட முடியாதுங்க அக்கா" என்றார் தம்பி. பேரம் பேசினால் சாமான் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில்தான் விலையே பேசவில்லையாம். என்னை விடப் பயந்து போய் வந்திருந்தவர் அவர். எனக்கு மனசு என்னவோ செய்தது.

கடையைத் திறந்து செட்டை வெளியே எடுத்தோம். ஆட்டோ பெட்டரியில் அப்பாவே வயரைப் பூட்டினார். அந்தக் கைகளுக்கு ஒன்றும் மறக்கவில்லை. சத்தம் வருகிறதா என்று பார்க்க அவர் காதைக் கொடுக்கவில்லை, குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மைக்கை வாங்கினார்.

"பசறை, பசறை! ஏறாதவங்க எல்லாம் ஏறுங்க! புள்ளைங்க கையப் புடிச்சிக்கங்க! கைப்புள்ளக்காரங்களுக்கு எடம் குடுங்க!"

நிஜமாகவே நாலைந்து பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடினார்கள். கண்டக்டர் அப்பாவுக்கு ஒரு சலாம் போட்டார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். எத்தனையோ வருடங்களாகக் கேட்காத குரல் அது. கத்தல் இல்லை, கூப்பிடும் குரல். மைக் கையில் இருந்தபோது அப்பா கத்தவே இல்லை.

அந்தப் பெண் காசை எண்ணி என் கையில் வைத்தாள். அப்பா மைக்கைத் துண்டால் துடைத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஆட்டோ பசறை ரோட்டில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம் கேட்டார், தெருவுக்கே கேட்கும்படி.

"ஏன் புள்ள, எந்த தோட்டம்னு அந்தப் பையன் மொதல்லயே கேட்டானாமே. நீ ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே?"

"ஏமாத்துக்காரனோன்னு பயம்ப்பா" என்று காதில் சொன்னேன். சரிதான் என்று தலையாட்டினார்.

ஆனால் அது பாதி உண்மைதான். பதுளையில் நான் முதன்முதலில் வேலை கேட்டுப் போன இடத்தில், "எந்த தோட்டம்?" என்று கேட்டார்கள். சொன்னதும், அதுவரை "வாங்க" என்றவர் "வா" என்றார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் "பதுளைதான்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். ஏமாற்றுக்காரர்கள் பற்றிய எச்சரிக்கை எனக்கு வசதியாக ஒரு காரணம் கொடுத்தது, அவ்வளவுதான். அந்தத் தம்பி கேட்டது என்னைத் தாழ்த்த அல்ல, என்னை நம்புவதற்கு ஒரு வழி தேடி.

இப்போதும் பழைய சாமான் விற்கிறேன், வாங்குகிறேன். காசு பேங்கில் விழுந்ததைப் பார்க்காமல் ஒரு ஊசியைக்கூட அனுப்ப மாட்டேன். கார்டு விபரம் கேட்டால் அந்த நிமிடமே பேச்சை வெட்டிவிடுவேன். ஆனால் யாராவது எந்தத் தோட்டம் என்று கேட்டால் மட்டும், தோட்டம், டிவிசன், லயம் மூன்றையும் சொல்லிவிடுகிறேன், அப்பாவைப் போலக் கொஞ்சம் சத்தமாகவே.