பஞ்சுக்குள் போன சன்னம்

அன்று பொலிஸ் நிலையத்தின் பின்வளவில் நின்றவர்கள் ஐந்து பேர்: துவக்குச் சுட வந்த சார்ஜன்ட், துவக்குக்குச் சொந்தக்காரரான கொண்டச்சி ஊர் முதலாளி, முதலாளி மனைவியின் தம்பியான மைத்துனர், பெட்டி செய்த என் கணவர், பெட்டிக்குள் பஞ்சு அடைத்த நான். வேலிக்கரையில் ஒரு கழுதையும் நின்றது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் மெத்தையும் தலையணையும் தைக்கிறவள். இந்தியாவில் அகதி முகாமில் இருந்தபோது எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு மெத்தைக் கடையொன்றில் பஞ்சு பிரிக்கப் போனேன். மன்னாருக்குத் திரும்பிய பிறகும் அதுதான் சோறு போடுகிறது. துவக்கோடு எனக்கென்ன கொடுக்கல் வாங்கல்? பட்டாசு வெடித்தாலே நெஞ்சு பதறுகிற ஆள் நான்.

சங்கதி இதுதான். மைத்துனர் வீட்டுக் கூரைமேல் வைத்திருந்த புதுத் தண்ணீர்த் தாங்கி ஒருநாள் ஓட்டையாகி ஒழுகியது. ஏறிப் பார்த்தால் தாங்கியின் அடியில் ஒரு துவக்குச் சன்னம், நசுங்காமல் புதிதுபோலக் கிடந்தது. ஊரில் உரிமத்தோடு கைத்துவக்கு வைத்திருப்பவர் முதலாளி ஒருவர்தான். "காணிப் பங்குக் கோவத்தை என்ர தாங்கியில தீர்த்திட்டார்" என்று மைத்துனர் பொலிசுக்குப் போனார். முதலாளியின் மூத்த மகளுக்குக் கலியாணம் நெருங்கியிருந்த நேரம். தாய்மாமனான மைத்துனர் அந்தப் பந்தலில் கால் வைக்கமாட்டேன் என்று நின்றார். முதலாளிக்குத் துவக்கு உரிமம் போனாலும் பரவாயில்லை. இரண்டு பக்கமும் இழுபட்டு அழுதுகொண்டிருந்த மனைவிக்கு என்ன பதில் சொல்வது?

சார்ஜன்ட் ஒரு வழி சொன்னார். துவக்குக் குழாய் ஒவ்வொரு சன்னத்திலும் கோடு போட்டுத்தான் வெளியே விடுமாம். முதலாளியின் துவக்கால் ஒன்றைச் சுட்டு, அதை நசுங்காமல் எடுத்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

"தண்ணிக்குச் சுட்டா நல்லம்" என்றார் சார்ஜன்ட், தனக்குத் தெரிந்த தமிழில்.

"அதுக்கும் என்ர தாங்கிதானா?" என்று மைத்துனர் பாய்ந்தார்.

கடைசியில் நீட்டுப் பெட்டி, உள்ளே இலவம் பஞ்சு, பின்னால் இரும்புத் தகடு என்று முடிவானது. யார் பக்கம் பிழையோ அவர் பெட்டிக்கும் பஞ்சுக்கும் காசு கொடுக்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள்.

எட்டடிப் பெட்டியை லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். சந்தியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் சவப்பெட்டி என்று நினைத்து, கத்தியை வைத்துவிட்டு எழுந்து சிலுவை போட்டார்.

"ஆர் மோசம் போனது?"

"இன்னும் ஒருத்தரும் இல்லை" என்றார் என் கணவர்.

"வாயைக் கழுவுங்கோ" என்றேன்.

பின்வளவு மண்மேட்டின் முன்னால் பெட்டியை வைத்தார்கள். சார்ஜன்ட் கையை நீட்டினார். வெடித்தது. கண்ணைத் திறந்தால் நான் மண்ணில் குப்புறக் கிடக்கிறேன். பக்கத்தில் என் கணவர். அந்தப் பக்கம் முதலாளியும் மைத்துனரும் கையோடு கை கோத்தபடி கிடந்தார்கள். சண்டைக்காலத்தில் பழகிய உடம்பு, எங்களைக் கேட்டுவிட்டா விழும்? நின்றது சார்ஜன்டும் கழுதையும்தான்.

"கையை விடு மச்சான்" என்றார் முதலாளி.

"நானெங்க பிடிச்சன்? நீங்கதான் பிடிச்சது."

பெட்டியைத் திறந்தோம். சன்னம் கிடைத்தது. ஆனால் சப்பித் துப்பிய பாக்குப் போல இருந்தது. ஒரு கோடும் இல்லை, உடம்பெல்லாம் கீறல்.

சார்ஜன்ட் உள்ளே கைவிட்டுத் துழாவினார். "இது என்ன அக்கா? மண்மூட்டை?"

பஞ்சு போதாமல் சன்னம் வெளியே பாய்ந்தால் என்ற பயத்தில் நடுவில் நான்தான் வைத்தேன். துவக்கு என்றால் மண்மூட்டை என்பதுதான் எங்கள் ஊரில் யாருக்கும் முதலில் வரும் யோசனை. சார்ஜன்ட் இன்னும் உள்ளே போய்த் தட்டிப் பார்த்தார். தகட்டுக்கு முன்னால் ஒரு பலகை, அதற்குப் பின்னால் இன்னொரு மண்மூட்டை.

"இதை ஆர் வைச்சது?"

என் கணவர் கழுதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மைத்துனர்தான் முதலில் சிரித்தார். "புருசனும் பெண்சாதியும் பங்கரெல்லோ கட்டியிருக்கினம்!" முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியில் வைத்த கண்ணை அவர் எடுக்கவே இல்லை.

இரண்டு மூட்டையையும் தூக்கி எறிந்துவிட்டு மிச்சச் சாக்குப் பஞ்சையும் அடைத்தேன்.

"தாண்டிப் போனா?"

"தகடு இருக்கு. அதுக்குப் பின்னால மண்மேடு இருக்கு. நான் பெட்டிக்குத்தான் சுடுறன் அக்கா, உங்களுக்கில்லை."

இந்த முறை விழுகிற வேலை வைக்காமல் முன்கூட்டியே குந்திக்கொண்டோம். வெடி அடங்கியதும் சார்ஜன்ட் என்னைத்தான் கூப்பிட்டார். முன்பக்கத்திலிருந்து பிடிபிடியாகப் பஞ்சை எடுத்து விரல்களால் நெருடினேன். பாதிப் பெட்டி வெறுமையான பிறகு ஒரு கட்டி அகப்பட்டது. சன்னம் சுழன்று சுழன்று பஞ்சைத் தன்மேல் சுற்றிக்கொண்டு பட்டுப்புழுக் கூடு மாதிரி இருந்தது. பிரித்தேன். நசுங்கல் இல்லை.

சார்ஜன்ட் இரண்டையும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். தாங்கிச் சன்னத்தில் கோடுகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. இதில் இடப்பக்கம். வேறு துவக்கு என்று எனக்கே தெரிந்தது. முதலாளி "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மைத்துனர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "அப்ப தாங்கிக்குச் சுட்டது ஆர்?"

"அதைத் தேடுறது என்ர வேலை" என்றார் சார்ஜன்ட். "கலியாணத்துக்குப் போறது உங்கட வேலை."

மைத்துனர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "பந்தலுக்கு எத்தினை கதிரை சொன்னனீங்க மச்சான்?" என்று கேட்டார்.

"நீ வந்து எண்ணிச் சொல்லு."

கலியாணத்தில் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றதே மைத்துனர்தான். எங்களுக்கும் அழைப்பு. பஞ்சுக் காசை அங்கே கேட்கலாமா, கேட்டால் மறுபடி சண்டை கிளம்புமா என்று யோசித்தே புரியாணி ஆறிப்போயிற்று. அவராகவே கிட்ட வந்தார். "தங்கச்சி, பெட்டிக் காசு உங்கட மனுசனிட்டக் குடுத்திட்டன். பஞ்சுக் காசு பெருநாள் கழிய."

பெருநாள் கழிந்தது. புதுத் தாங்கி வாங்கிய செலவாம். காணும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு கை காட்டுகிறார், நானும் கை காட்டுகிறேன். பஞ்சுக் காசு பாக்கி நிற்பது பதினோராயிரத்து இருநூறு ரூபா.