மல்லாட்டை ஊரில் ஒரு மே தினம்

காலை 8.20. திருவண்ணாமலையில் செஞ்சிப் பேருந்து ஏறினேன். கீழ்பென்னாத்தூருக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். கட்டணம் நான்கரை ரூபாய். பத்தாம் வகுப்பு வரலாற்று விடைத்தாள்கள் திருத்த வந்து பத்து நாளாகியிருந்தது. செங்கம் சாலையில் வாடகை அறை, பள்ளிக்கூடம், மறுபடி அறை என்றே பொழுது போயிற்று. 'தொழிற்புரட்சியின் விளைவுகள் யாவை?' என்ற கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி, 'கைத்தொழில் நசிந்தது' என்று எழுதியிருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. மே தின விடுமுறை கிடைத்தவுடன், மலைக்கு அந்தப்பக்கம் ஊர்கள் எப்படியிருக்கும் என்று பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு. பெயர் சரோஜா. கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரின் ஊராட்சித் தலைவி. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்த பிறகு நின்று ஜெயித்தவர்.

"நேத்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் போனேன் டீச்சர். நேரமாயிடுச்சுன்னு அக்கா வூட்ல தங்கிட்டேன். மல்லாட்டை உடைக்கிற மெஷினை நிறுத்த பஞ்சாயத்துக்கு அதிகாரம் இருக்கான்னு கேட்டேன். சபையில தீர்மானம் போட்டு எடுத்துனு வாங்கன்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கு கிராம சபை."

நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது. பெயரைப் பார்த்தால் பயிரே கப்பலேறி வந்ததாக இருக்க வேண்டும்.

"யார் வச்ச மெஷின்?"

"எங்க கொழுந்தனார். என்னை எலக்‌ஷன்ல நிக்க வெச்சதும் அவருதான். ஒரே வாசல்ல ரெண்டு குடும்பமும் இருக்கறோம். மெஷின் வந்ததும் கையால உடைச்ச பொம்பளைங்களுக்கு வேலை பூடுச்சு. எல்லாம் சேர்ந்து மனு குடுத்திருக்காங்க, மெஷினைப் பத்தி சபையில பேசணும்னு மட்டும் எழுதி. நிறுத்தச் சொல்லுவாங்க, வேற இன்னா?"

நானும் வரலாமா என்று கேட்டேன். "வாங்க, வாங்க. டீச்சர் ஒருத்தங்க இருந்தா எனக்கும் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

காலை 9.15. கீழ்பென்னாத்தூரில் இறங்கி, ஒன்றரை ரூபாய்க்கு ஷேர் வேனில் மூன்று கிலோமீட்டர். அறுவடை முடிந்த நிலத்தில் செம்மண் வெடித்துக் கிடந்தது. ஊர் முகப்பிலேயே தகரக் கொட்டகை. உள்ளே ஆள் உயர இரும்புப் பெட்டி, மோட்டார், தோல் பெல்ட். மேலே காயைக் கொட்டினால் ஓடு ஒரு பக்கமும் பருப்பு ஒரு பக்கமும் வரும். பத்துப் பேர் ஒரு நாளில் உடைப்பதை அது ஒரு மணி நேரத்தில் உடைக்கும் என்றார் சரோஜா. அன்று விடுமுறை, மெஷின் ஓடவில்லை.

காலை 11.00. வேப்ப மரத்தடியில் சபை கூடியது. எண்பது பேர் இருப்பார்கள். பாதிக்கு மேல் பெண்கள். இயந்திரங்களை அடித்து உடைத்த இங்கிலாந்துத் தொழிலாளர்களைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவள் நான். அது போல ஒன்றைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

சரோஜாவின் கொழுந்தனார் ஏழுமலை, வெள்ளைச் சட்டையில், முன்வரிசையில் இருந்தார். கிளார்க் மனுவைப் படிக்க எழுந்ததும் அவர் சொன்னார்: "அண்ணி, எதுவா இருந்தாலும் வூட்ல பேசிக்கலாம்."

சரோஜா கோப்பை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். "இது வூட்டு விஷயம் இல்ல தம்பி. மெஷினை நிறுத்தணும்னு கேக்கறவங்க பேசலாம்."

பச்சையம்மாள் என்ற மெலிந்த பெண் எழுந்தார். "நிறுத்தச் சொல்லி யாரு கேட்டது?"

சரோஜா கிளார்க் கையிலிருந்த மனுவை எட்டிப் பார்த்தார்.

"எங்க நகத்தைப் பாருங்க. ஈரக்காயை உடைச்சு உடைச்சு வெந்து போன நகம். மெஷினை நிறுத்திட்டு மறுபடியும் கையால உடைக்கச் சொல்றீங்களா? எங்களுக்கும் ஒரு மெஷின் வேணும். மகளிர் குழுக் கடன்ல நாங்களே வாங்கிக்கிறோம். பஞ்சாயத்து டிவி ரூமு சும்மா பூட்டிக் கெடக்குது. அத்தக் குடுங்க. கரண்டு லைனுக்கு எழுதிக் குடுங்க. அவ்ளோதான் மனு."

ஏழுமலை சிரித்தார். "பெல்ட்டு கழண்டா இன்னா பண்ணுவீங்க?"

"மூணு மாசமா உங்க கொட்டாயிலதான் கல்லு பொறுக்கினேன். நீங்க சாப்பிடப் போனப்பல்லாம் பெல்ட்டு கழண்டா மாட்டினது யாருன்னு நெனச்சீங்க?"

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஏழுமலை சிரிப்பை நிறுத்திவிட்டார். கிளார்க் பேனாவைத் திறக்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க இன்னா பாக்கறீங்க? எழுதுங்க," என்றார் சரோஜா. தீர்மானத்தை ஒவ்வொரு வரியாக அவரே சொன்னார். கையெழுத்துப் போட வரிசை நீண்டது. ஏழுமலை போடாமலே எழுந்து போய்விட்டார்.

பகல் 2.00. வேனுக்குக் காத்திருந்தபோது சரோஜா சொன்னார்: "அதிகாரம் இருக்கான்னு அவ்ளோ தூரம் போய்க் கேட்டேன் டீச்சர். உங்களுக்கு இன்னா வேணும்னு இவங்களை ஒரு வார்த்தை கேக்கல."

வீட்டுக்குப் போக அவருக்குத் தயக்கமாக இருந்தது, எனக்குத் தெரிந்தது. வேன் வந்ததும் என் முகவரியைக் கோப்பில் குறித்துக்கொண்டு, கையைப் பிடித்து விடைகொடுத்தார். அடுத்த பொங்கலுக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. டிவி அறையில் மெஷின் ஓடுகிறது. விதைக்கடலையை மட்டும் முளை கெடாமல் இருக்கக் கையால் உடைக்கிறார்கள். கொழுந்தனார் வாசலுக்கு நடுவே தட்டி கட்டிவிட்டார். இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

என் ஊர் சாத்தூர் பக்கம். என் அம்மா இருபது வருடம் தீப்பெட்டி ஒட்டினாள். அட்டைப்பெட்டி செய்யும் மெஷின் வந்து அந்த வேலை நின்றபோது, 'இனி ஓய்வாக இரும்மா' என்று சொன்னேன். நல்ல மகளாகப் பேசியதாகவே நினைத்திருந்தேன். அந்த மே மாதமே, திருத்தும் பணி முடிந்து ஊர் திரும்பிய அன்று, அடுப்படியில் நின்ற அவளிடம் கேட்டேன்: "மெஷின் வந்தப்போ உனக்கு என்னம்மா தோணுச்சு?"

அம்மா யோசிக்கவே இல்லை. "அத ஒரு நாளாச்சும் ஓட்டிப் பாத்துரணும்னு இருந்துச்சு. யாரு கேட்டா?"