லைல் பல்லைக் கடிக்கும் சத்தம்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் தானிய லாரி ஓட்டும் லைல் ஹாஸ்டெட்லருக்கு வயது நாற்பத்தொன்று. வாய் மட்டும் எழுபது வயதுக் கிழவனுடையது. கடைவாய்ப் பற்கள் தேய்ந்து ஈறோடு ஈறாகக் கிடந்தன. மாட்டுக்கறிக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு, மசித்த உருளைக்கிழங்கை விழுங்கிக்கொண்டிருந்தான். ஈராக் போரிலிருந்து திரும்பிய நாள் முதல் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற ஆள். கடித்துக் கடித்தே வாயைக் காலி பண்ணிக்கொண்டான், பாவி.

பல்லுக்கு உதவித்தொகையும் வைத்தியமும் கேட்டு மனுப் போட்டான். போருக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அரசாங்க ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். முன்னாள் சிப்பாய்களுக்கு மனு எழுதித் தரும் மார்வ், அவரும் பழைய சிப்பாய்தான், தலையில் அடித்துக்கொண்டார்.

“பட்டாளத்தை விட்டு வர்றப்ப டாக்டர் கேட்டிருப்பாரே, உடம்புக்கு ஏதாச்சும் செய்யுதான்னு. நீ என்ன சொன்ன?”

“ஒண்ணுமில்லன்னு சொன்னேன். இருக்குன்னு சொன்னா ஊருக்கு விட லேட் பண்ணுவாங்கன்னு எல்லாரும் அப்படித்தான் சொன்னோம்.”

“எல்லா மடையனும் அதையேதான் சொல்றீங்க. நானும் அந்த மடையங்கள்ல ஒருத்தன்தான். சரி விடு தம்பி, ரெக்கார்டுல இல்லாட்டியும் பக்கத்துல படுக்கிறவ சாட்சி சொன்னா எடுபடும். தூக்கத்துல நீ என்னென்ன பண்றேன்னு ரெனேவை ஒண்ணு விடாம எழுதச் சொல்லு. வாயில மாட்டிக்க ஒரு கவசம் குடுப்பாங்க. அப்புறம் சத்தமே வராது.”

மனைவி ரெனே எழுதவில்லை. நாளைக்கு என்றாள், தலைவலி என்றாள், பேனா எழுதமாட்டேங்குது என்றாள். கவசம் என்று வாயெடுத்தாலே அவள் முகம் வெளுத்தது. இத்தனை வருஷம் தன்னைத் தாங்கியவள் இதற்கு ஏன் மல்லுக்கு நிற்கிறாள் என்று லைலுக்குப் புரியவில்லை. விட்டுப் போகப் பார்க்கிறாளோ என்றுகூட நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் மகள் டோரி நாயை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். லைல் சமையலறை மேஜையில் சாட்சிக் காகிதத்தைப் போட்டான்.

“எனக்கு இருக்கிற பல்லும் கொட்டணும், அதானே உனக்கு?”

“கவசம் போட்டா சத்தம் நின்னுடும்ல?”

“நின்னா நிக்கட்டுமே! நீயும் நிம்மதியா தூங்குவ.”

“அந்தச் சத்தம் கேட்டாதான்டா நான் தூங்குறேன்!” ரெனே காகிதத்தைத் தள்ளிவிட்டாள். “நறநறன்னு கேக்கிற வரைக்கும் நீ கட்டில்ல இருக்க. நின்னுச்சுன்னா எழுந்துடுற.”

“எழுந்து?”

“டோரி ரூம் வாசல்ல போய் நிக்கிற. கண்ணு திறந்துதான் இருக்கும். ‘உள்ள யாரு? கையத் தூக்கிட்டு வெளிய வா’ங்கிற. அது உன் குரலே இல்ல. நான் பின்னாலயே வந்து, பேச்சுக் குடுத்து, கூட்டிட்டு வந்து படுக்க வைப்பேன். காலையில கேட்டா உனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது.”

லைல் ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜன்னலுக்கு வெளியே டோரி நாயைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“கையில ஏதாவது வச்சிருப்பேனா?”

“ரொம்ப நாளா வெறுங்கைதான்.” ரெனே அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “போன வாரம் துப்பாக்கி இருந்துச்சு.”

பல்லும் மறந்தது, உதவித்தொகையும் மறந்தது. லைல் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினான். பேனாவை எடுத்து அவள் விரல்களுக்குள் அவனே செருகினான்.

“எழுது.”

“இதை எழுதினா உன்னை இந்த வீட்ல இருக்க விடமாட்டாங்க, லைல்.”

“அதுக்குத்தான் எழுதச் சொல்றேன்,” என்றான்.